நரம்பை விடுங்கள், ரத்தக் குழாயைப் பாருங்கள்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பேருந்து நிலையத்தை ஒட்டிய சுவர்களில் அந்த நோட்டீஸைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மாதத்தில் இன்ன தேதி, இன்ன லாட்ஜ், இன்ன அறை. ஆண்மைக் குறைவுக்குக் காரணம் நரம்புத் தளர்ச்சி, நரம்புத் தளர்ச்சிக்குக் காரணம் இளமையில் செய்த தவறு என்பதுதான் அந்த லாட்ஜ் வைத்தியர்கள் சொல்லும் கதை. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை.

அவர்கள் தவறு என்று சொல்லும் கைப்பழக்கத்தால் நரம்பு தளராது. விந்தை உடல் தொடர்ந்து உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. விறைப்பு என்பது பெரும்பாலும் ரத்தம் செய்யும் வேலை. தமனிகள் விரிந்து ரத்தம் உள்ளே பாய வேண்டும், பாய்ந்தது வெளியேறாமல் சிரைகள் அழுந்த வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, பீடி நான்கும் கெடுப்பது அந்தத் தமனியின் உட்சுவரைத்தான். நீண்டநாள் சர்க்கரை நரம்பையும் கெடுக்கும், உண்மை. அதற்கும் பதினெட்டு வயதில் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை.

ஆணுறுப்பின் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம். இதயத்தின் தமனி 3 முதல் 4. அடைப்பு உடலெங்கும் படியும்போது சிறியது முதலில் திணறுகிறது. அதனால்தான் விறைப்புக் குறைவு தோன்றி இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பலருக்கு நெஞ்சுவலி வருகிறது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நமக்குப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் 26.3. இப்படிப்பட்ட வட்டாரத்தில் லேகியம் கொடுத்து அனுப்புவது, வரப்போகும் மாரடைப்பின் முன்னறிவிப்பைக் கிழித்துப் போடுவதுதான்.

"ரத்த ஓட்டம் பார்க்கணும்னா ஆஞ்சியோ, கத்தி, ஆயிரக்கணக்கில் செலவு" என்பது அடுத்த பயம். அடைப்பு உடலெங்கும் படியும் என்பதால் காலிலும் அதைப் பார்க்கலாம். அங்கே செய்யும் முதல் சோதனைக்குக் கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். பத்து நிமிடம் மல்லாந்து படுக்க வைப்பார்கள். கையிலும் கணுக்காலுக்கு மேலும் பிரஷர் பட்டையைச் சுற்றுவார்கள். கணுக்கால் எலும்புக்குப் பின்னே ஜெல் தடவி, பேனா போன்ற டாப்ளர் கருவியை வைத்தால் 'உஷ்... உஷ்' என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். பட்டையில் காற்றேற்றினால் சத்தம் நிற்கும். மெல்ல இறக்கும்போது எந்த அளவில் திரும்புகிறதோ அதுதான் அங்குள்ள அழுத்தம். கையில் 140, கணுக்காலில் 96 என்றால், கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வரும் கணக்கு 0.69. 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் காலின் தமனியில் அடைப்பு இருக்கிறது. நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுப்போகும் வலியை 'வாயு' என்று தள்ளிவிடுபவர்களுக்கு இந்தச் சோதனை அவசியம். நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்குத் தமனி சுண்ணாம்பு படிந்து இறுகி, கணக்கு 1.4ஐத் தாண்டக்கூடும். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

கால் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. ஆணுறுப்புக்கென்றே டாப்ளர் ஸ்கேன் உண்டு. அதற்கு மட்டும் ஒரு மெல்லிய ஊசியில் மருந்து போட்டு விறைப்பு வரவழைத்து, ரத்தத்தின் வேகத்தை அளப்பார்கள். விநாடிக்கு 35 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தமனி நலம். 25க்குக் கீழ் என்றால் வரத்துக் குறைவு. ஆனால் வருகிறவர் எல்லாருக்கும் இந்த ஸ்கேனை எழுதுவதும் தவறு. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு, பொறுமையாகக் கேட்கும் நாலு கேள்வி, பெரும்பாலோருக்கு முதலில் இவை போதும். அதிகாலை விறைப்பு ஒழுங்காக வரும் புது மாப்பிள்ளைக்குக் குழாய் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நோட்டீஸ் ஊட்டிய பயம்தான் அவருக்கு நோய்.

"மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் தீர்ந்தது" என்பவர்களுக்கு ஒன்று. 1998இல் வந்த சில்டெனாஃபில் நல்ல மருந்துதான். ஆனால் நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் எடுப்பவர் அதைப் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். 'மூலிகை' என்று விற்கப்படும் பொட்டலங்களிலும் இதே மருந்தைக் கலந்தது பிடிபட்டிருக்கிறது.

அந்த லாட்ஜ் நோட்டீஸ் போன்ற விளம்பரத்தை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சுவரில் ஒட்டியதால் அது அங்கீகாரம் ஆகிவிடாது. லாட்ஜுக்குப் போகும் வழியில் திண்டிவனம் அரசு மருத்துவமனையோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கும் நாளன்றே டாக்டரிடம், "சார், ஆறு மாசமா அந்த விஷயத்திலயும் பிரச்சினை, நடந்தா காலும் வலிக்குது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால்தான் அவர் பாதத்தில் நாடி தொட்டுப் பார்ப்பார்.