கூலிக்காரன் உடையவனாகக் கூடாதா?

விடியுமுன்னே சின்னமனூர்ச் சாலையில் ஜீப்புகள் உறுமுகின்றன. கம்பமெட்டு ஏறி ஏலத் தோட்டம் செல்லும் கூலிகள்! பறித்த கை மணக்கிறது, மடியோ வெறுமை. "இவர்களுக்கு நிர்வாகம் வருமா?" என நகைக்கின்றனர் மேட்டுக்குடியினர்.

வரும், ஐயா, வரும்! மலைக்கு அப்பால், அதே கேரளத்தில், வடகரைக்கு அருகே ஊராளுங்கல். சாதியை எதிர்த்த வாக்படானந்தரின் ஆத்மவித்யா சங்கத்தில் சேர்ந்த குற்றத்திற்காக ஏழைகளுக்கு வேலை மறுத்தனர் நிலக்கிழார்கள். பணிந்தனரா? 1925இல் 14 பேர் ஆறணா முதலுடன் தமக்கெனத் தொழிலாளர் சங்கம் கண்டனர். இன்று அச்சங்கம் சாலையும் பாலமும் சமைக்கிறது. கணினிப் பூங்காவும் நடத்துகிறது. இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பவர் உழைப்பாளிகளே!

கடல் கடந்தும் காணுங்கள். ஸ்பெயினின் பாஸ்க் நாட்டிலே, பிராங்கோ ஆட்சி அம்மக்களின் தாய்மொழியை நசுக்கிய நாளில், மோந்திராகோன் ஊரில் அரிஸ்மெண்டியரியெட்டா எனும் பாதிரியார் 1943இல் தொழிற்பள்ளி திறந்தார். பாதிரியார்தான், ஆயினும் அவர் காட்டியது மோட்சத்துக்கு வழியன்று, பட்டறைக்கு வழி! அங்கு பயின்ற ஐவர் 1956இல் தொடங்கிய தொழில் பல்லாயிரவரின் கூட்டுறவாயிற்று. ஆளுக்கொரு வாக்கு, பங்கின் பருமனுக்கு அங்கே மதிப்பில்லை. அவர்தம் வீட்டுக்கருவித் தொழிற்சாலை 2013இல் நொடித்தது, மறுக்கவில்லை. வேலையிழந்த பலருக்குத் தோழமைச் சங்கங்கள் இடமளித்தன. எந்த முதலாளி அப்படிச் செய்தான்?

நம்மூரிலோ கூட்டுறவென்றால் கடன் வாங்கும் சன்னல். கையெழுத்திட்டுத் திரும்புவதோடு உறுப்பினர் வேலை முடிந்தது! வாழைத்தார் வெட்டுவோரும் சுமப்போரும் தமக்கெனச் சங்கம் அமைத்தால் வயல் வாடிவிடுமா? கணக்கெழுத ஆளில்லை என்பீர்கள். மாலைதோறும் கற்றுத்தர நானிருக்கிறேன். முதல் பதினான்கு பேர் யார்?