பாடத்தின் பளு குறையட்டும்!

ஊரிலே பள்ளி உண்டு. ஆனால் அதன் வாயிற்படி ஆளுயரம் என்றால், அப்பள்ளி யாருக்காகக் கட்டப்பட்டது? தாவி ஏற வல்லவன் நுழைவான். எட்டாத பிள்ளை வெளியே நின்று ஏங்கும். இணையவழிப் பாடங்கள் பலவும் இன்று அத்தகைய படியோடுதான் எழுப்பப்படுகின்றன. பாடத்தின் பளுவே அந்தப் படி!

2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபோது நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. இணையத்தில் படியுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டனர். ஆனால், 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு கண்ட உண்மை என்ன? நாட்டுப்புறக் குடும்பங்களில் இணைய வசதி பெற்றவை நூற்றுக்கு ஏறத்தாழ 15, நகர்ப்புறத்திலோ 42! கேரளமும் தமிழகமும் தொலைக்காட்சி வழியே பாடம் நடத்தி அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரவின, பாராட்டுகிறோம். பின்னர்ச் சிற்றூர்களிலும் கைப்பேசிகள் பெருகின. எனினும், ஒரே கைப்பேசியைப் பங்கிடும் அண்ணனும் தங்கையும் இன்றும் உண்டு. மாலையானால் தளர்ந்துவிடும் இணைப்பும் உண்டு.

கருவி கொடுத்தோம், கோபுரம் நாட்டினோம் என்பர் ஆட்சியாளர். நன்று! ஆனால், குறுகிய குழாயிலே எவ்வளவு பெரிய பண்டத்தைத் திணிக்கிறீர்கள் என்பதன்றோ கேள்வி?

கணக்குப் பார்ப்போம். நொடிக்கு 256 கிலோபிட் வேகமுள்ள இணைப்பில், 5 மெகாபைட் எடையுள்ள பக்கம் வந்துசேர இரண்டரை நிமிடத்துக்கு மேலாகும். அதையே 200 கிலோபைட்டாகச் சுருக்கினால் ஏழு நொடிக்குள் வந்துவிடும். நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் அரைமணிக் காணொளி 225 மெகாபைட்டை விழுங்கும். ஆசிரியரின் குரலை மட்டும் 32 கிலோபிட் வீதத்தில் அனுப்பினால் 7 மெகாபைட்டுக்குச் சற்று மேல், அவ்வளவே! எழுத்தோ இன்னும் இலேசானது. 200 பக்கத் தமிழ் நூல் ஏறத்தாழ ஒரு மெகாபைட்டில் அடங்கும். கைப்பேசியில் எடுத்த ஒரே படம் அதைப்போல் மூன்று மடங்கு கனக்கும்.

ஆகவே, முதலில் எழுத்து வரட்டும். சுருக்கிய படம் அதன்பின் வரட்டும். காணொளி தானே ஓடாமல், மாணவன் கேட்டால் மட்டும் ஓடட்டும். குரலை மட்டும் பெற வழி இருக்கட்டும். ஒருமுறை இறக்கிய பாடம் இணைப்பு அறுந்த பின்னும் திறக்கட்டும். இவையெல்லாம் ஆகாத செயல்களா? இணையமே எட்டாத பள்ளிகளுக்கென உருவான கோலிப்ரி என்னும் மென்பொருள், பாடங்களை ஒரு கணினியில் சேமித்து, வகுப்பறைக்குள்ளேயே பிற கருவிகளுக்கு வழங்குகிறதே!

அழகு குறையும் என்பர் சிலர். வந்துசேராத பாடத்துக்கு அழகு எதற்கு? நாளை வேகம் கூடும் என்பர் வேறு சிலர். கூடட்டும், மகிழ்வோம். ஆனால், இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஆண்டு மீண்டும் வருமா?

1961இல் நிலத்துக்கு உச்சவரம்புச் சட்டம் கண்டது தமிழகம். பாடத்தின் பளுவுக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். அரசுப் பணத்தில் உருவாகும் ஒவ்வோர் இணையப் பாடத்தின் ஒப்பந்தத்திலும் அது எழுதப்பட வேண்டும். தலைநகரின் குளிரூட்டிய அறையில் ஓடிப் பார்த்தால் போதாது. மலையடிவாரச் சிற்றூரில், பழைய கைப்பேசியில், மாலை ஏழு மணிக்குத் திறந்து காட்ட வேண்டும். திறந்தால் பணம் கொடுங்கள். திறக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள்!