மானுக்குக் காவல் உண்டு; குடியானவனுக்கு?

காட்டோரத்தில் கொல்லை வைத்திருக்கும் குடியானவனுக்கும் புள்ளிமானுக்கும் உள்ள வழக்கு மிகப் பழையது. மான்கள் இரவில் மந்தையாக வந்து மணிலாக் கொடியையும் உளுந்தையும் மேய்ந்துவிட்டு விடியுமுன் மறைந்துவிடுகின்றன. அவற்றில் ஒன்றை அவன் கண்ணி வைத்தோ, நாட்டுத் துப்பாக்கியால் சுட்டோ கொன்று, கறியைப் பங்கிட்டுக் கொண்டால் அது குற்றம். பிடிபட்டவனைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி வருகிறது. புதுவை போன்ற பட்டணங்களில் வாசம் செய்யும் நாம் அதைப் படித்து, "நன்றாக வேண்டும்" என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறோம். குற்றம் குற்றமே, அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த நாலு வரிக்குப் பின்னால் நிற்கும் நியாயத்தை ஆராயாமல் விடுவது தகாது.

சட்டம் சொல்வது என்ன? 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. 2022-ல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பின், பொதுவான குற்றத்திற்கு 3 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். முதல் அட்டவணையைச் சேர்ந்த வெளிமானைக் கொன்றவனுக்கு 3 முதல் 7 வருஷம் வரை சிறை. அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 39-வது பிரிவு நம் கவனத்திற்கு மிகவும் உரியது. வேட்டையாடப்பட்ட காட்டு மிருகமும், செத்துக் கிடக்கும் மிருகமும், அதன் மாம்சமும் சர்க்காரின் சொத்து என்று அது கூறுகிறது. நாம் கேட்பது இதுதான்: செத்த மான் சர்க்காருடையதாயின், உயிரோடு இருக்கையில் அது மேய்ந்த வயலின் நஷ்டம் மட்டும் எப்படிக் குடியானவனுடையதாகும்? உடைமையை ஒப்புக்கொள்பவன் அதன் தீனிச் செலவையும் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

இக்கேள்வி புதுவைக்குப் புதிதன்று. இவ்வூர் யாருடைய ஆட்சியில் இருந்ததோ, அந்தப் பிரெஞ்சு தேசத்தில் புரட்சிக்கு முன் வேட்டை பிரபுக்களின் தனியுரிமையாக இருந்தது. பிரபுவின் மிருகங்கள் பயிரை அழித்தாலும் குடியானவன் அவற்றைத் தொடக் கூடாது. 1789 ஆகஸ்டு 4-ந் தேதி இரவு அந்த உரிமை ஒழிந்தது. தன் நிலத்தில் பயிரை அழிக்கும் வேட்டை மிருகத்தைக் கொல்ல நிலக்காரனுக்கு அதிகாரம் பிறந்தது. நெடுங்காலம் கழித்து, 1968-ல், பெரிய மிருகங்களைச் சுடும் அவ்வுரிமை மீண்டும் சுருக்கப்பட்டது. ஆனால் அப்பொழுது அந்நாட்டார் ஒரு காரியம் செய்தார்கள். வேட்டைக்காரர் செலுத்தும் பணத்திலிருந்து பயிர் நஷ்டத்திற்கு ஈடு கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். உரிமையை எடுத்த கையே ஈட்டையும் கொடுத்தது. நம் நாட்டிலோ தடை முந்திக்கொண்டது; ஈடு பின்தங்கிவிட்டது.

நிற்க. "அமெரிக்காவில் போல அவரவர் நிலத்தில் மானைச் சுட்டுக் கறிக்கு உபயோகிக்க லைசென்ஸ் கொடுத்தால் என்ன?" என்று கேட்போர் உளர். அங்கே 1900-ம் வருஷத்தையொட்டிச் சில லட்சங்களாகக் குறைந்து போன வெண்வால் மான், கட்டுப்பாட்டினால் பெருகி இன்று சுமார் 3 கோடியாக இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அங்கே வேட்டைக்குப் பருவமுண்டு, கணக்குண்டு; காட்டு மான் கறியைச் சந்தையில் விற்கவும் தடையுண்டு. இங்கே ஒரு காணிக்கு அடுத்த காணியில் ஆள் வேலை செய்கிறான். துப்பாக்கிக் குண்டு வரப்பைப் பார்த்து நிற்காது. சிறுத்தையும் செந்நாயும் நம்பி வாழும் இரையும் மானே. லைசென்ஸ் குடியானவன் பெயரில் இருக்கும். கறி பட்டணத்துப் பணக்காரன் விருந்துக்குப் போகும். ஆகவே அந்த யோசனையை நாம் ஆதரிக்கவில்லை.

தடை மட்டும் மானைக் காக்குமா என்றால், அதுவும் இல்லை. பொறுமை இழந்தவன் திருட்டு மின்சார வேலி போடுகிறான், அவுட்டுக்காய் வைக்கிறான். மின்வேலியில் மனிதரும் மாடும் மாண்டிருக்கின்றனர். அவுட்டுக்காயைக் கடித்து யானைகளும் மடிந்திருக்கின்றன. ராஜஸ்தானத்தைப் பாருங்கள். ஜோத்பூருக்கு அடுத்த கங்காணி கிராமத்தில் 1998-ல் வெளிமான்களைக் கொன்றதாக நடிகர் சல்மான் கான் மீது வழக்கு வந்து, 2018 ஏப்ரலில் 5 வருஷ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதன்மேல் அவர் அப்பீல் செய்தார். அவ்வழக்கில் சாட்சி சொல்ல முன்வந்தவர்கள் மானைத் தம் வயலில் மேயவிட்டு வாழும் பிஷ்ணோய் கிராமவாசிகள். நிலக்காரனின் சம்மதமே மானுக்கு முதற்காவல் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. பிஷ்ணோய்களுக்கு அந்தச் சம்மதத்தை மதம் கொடுத்தது. நம் குடியானவர்களுக்கு அதை நியாயம்தான் கொடுக்கவேண்டும்.

சர்க்காருக்கு மனமிருந்தால் வழியுமுண்டு. காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு சர்க்கார், காட்டிலிருந்து உள்ள தூரத்தைக் கொண்டு ஏற்பாடு வகுத்தது: 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கப்பால் வனத்துறைச் சிப்பந்திகளே சுடலாம். 2025 நவம்பரில் மத்திய விவசாய இலாகா, காட்டு மிருகங்களால் வரும் நஷ்டத்தை 2026 காரீப் பருவம் முதல் பயிர் இன்ஷ்யூரன்ஸில் சேர்ப்பதாக அறிவித்தது. எந்த மிருகம், எந்த வட்டாரம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு ராஜ்ய சர்க்கார்களுக்கு விடப்பட்டிருக்கிறது.

தேசிய ஊழியர்கள் கேட்கவேண்டியவை மூன்று. மான் மேயும் ஊர்களில் இன்ஷ்யூரன்ஸ் பட்டியலில் மானும் இடம்பெற வேண்டும். நஷ்டத்தை 72 மணி நேரத்துக்குள் செல்போன் படத்துடன் தெரிவிக்கவேண்டும் என்ற விதி எழுத்தறியாத குடியானவனுக்குச் சுமையாகாதபடி, கிராம அதிகாரியே நேரில் வந்து பதிவு செய்யவேண்டும். புதுவையின் கொம்யூன்களும் விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களின் கிராமங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எல்லைக்கல்லைப் பார்த்து மேய மானுக்குத் தெரியாது. ஆதலால் இருபுறத்தும் ஈட்டுத்தொகை ஒன்றாக இருக்கவேண்டும். இவற்றைச் செய்தபின், கறியை விற்பவனையும் வாங்குபவனையும் சட்டம் தாட்சண்யமின்றித் தண்டிக்கட்டும். அதற்குக் குடியானவனே முதற்சாட்சியாக வருவான்.