தக்களியை மில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

வாலிபர்கள் மியூசியம் பக்கமே வருவதில்லை, எந்நேரமும் செல்போனே கதி என்று பெரிய மனிதர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஆகவே மியூசியத்தையே செல்போனுக்குள் கொண்டுபோக வேண்டும் என்பது இப்போதைய பேச்சு. நல்ல பேச்சுதான். நாமும் வரவேற்கிறோம். ஆனால் யாருடைய செல்போனுக்கு, எதைக் கொண்டுபோவது?

நம் பக்கத்து விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். வெம்பக்கோட்டை அருகே, வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளத்தில் 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. மூன்று கட்டங்களாக நடந்த வேலையில் சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், ஆட்டக்காய்கள் என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பாதி அறுத்த நிலையில் நின்றுபோன சங்குத் துண்டுகளும் அங்கே உண்டு. நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளும் உண்டு. அதாவது ராஜா உலாவிய இடமல்ல அது; ஜனங்கள் வேலை செய்த இடம்.

படங்கள் வலைத்தளங்களில் வரத்தான் செய்தன. தங்கம் கிடைத்தால் பெரிய செய்தி. தக்களி கிடைத்தால் ஒரு வரி. ராஜபாளையத்தில் ரிங் பிரேம் முன்னால் நிற்கிற பெண்ணிடம் அந்தத் தக்களியைக் காட்டிப் பாருங்கள். அவள் சொல்வாள், அது என்ன வேலை செய்தது என்று. பஞ்சை இழுத்து, முறுக்கேற்றி, சுற்றுவது: இதைத்தான் இன்றைய ஸ்பிண்டிலும் செய்கிறது. அன்று கை சுழற்றியது. இன்று மின்சாரம் நிமிஷத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழற்றுகிறது. அறுந்த இழையைப் பிணைக்கும் விரல் மட்டும் பல மில்களில் இன்னும் மனித விரல்தான். தக்களியையும் ரிங் பிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நிமிஷப் படம் எடுத்தால் எந்தப் பிள்ளை பார்க்காது?

யாருக்கு என்ற கேள்விக்கு வருவோம். மில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்களுக்கு செல்போனே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, பல இடங்களில். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கூலி விவசாயி வீட்டில் ஒரே போன். அதுவும் அப்பன் வேலைக்கு எடுத்துப் போய் இரவில்தான் திரும்பி வரும். அந்தச் சிறிய போனில், இங்கிலீஷ் விளக்கத்தோடு, ரீசார்ஜ் முழுவதையும் விழுங்குகிற முப்பரிமாணச் சுற்றுலாவை வைத்தால் அது யாருக்காக? சென்னையில் குளிர்சாதன அறையில் இருப்பவருக்கு. அவர் எழும்பூர் மியூசியத்துக்கு நேரிலேயே போகலாமே!

வழி இல்லாமல் இல்லை. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்று கம்ப்யூட்டர் அறைகள் சில வருஷங்களாக உண்டு. மாதம் ஒரு மணி நேரம் அதை மியூசியத்துக்கு ஒதுக்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கலெக்டர் பென்னிங்டன் பெயரில் 1875-ல் ஆரம்பித்த நூலகம் இன்றும் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வருபவன் உட்கார்ந்து பார்க்க அங்கே இரண்டு திரை வைக்கலாம். விளக்கம் தமிழில், எழுத்தோடு குரலாகவும் வேண்டும். படங்களை யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ள விட வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் 2012-லேயே ஒன்றேகால் லட்சம் படங்களை அப்படித் திறந்துவிட்டது. அதனால் மியூசியம் காலியாகிவிடவில்லை.

கீழடிக்கும் இதைச் சொல்வோம். 2023-ல் திறந்த அழகான மியூசியம் அது. நம் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டியது. மதுரையைத் தாண்டிப் போய்வர ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலியை இழக்க முடியாதவன் வீட்டுப் பிள்ளைக்கு பஸ் கொடுங்கள். திரை அதற்கு ஈடாகாது.

இன்னொன்றும் இருக்கிறது. குழிக்குள் இறங்கி மண்ணை அள்ளிச் சலித்தவர்கள் அக்கம்பக்கத்துக் கூலி ஜனங்கள். வளையல் துண்டை முதலில் கண்டது எந்தக் கண்? அந்தப் பெண்களைப் பேசவைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். அவர்கள் ஊர்ப் பையன்களே அதை எடுப்பார்கள், அந்தக் கலையில் அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

பஞ்சாலைகளின் பழைய இயந்திரங்களோ கிலோக் கணக்கில் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓட்டியவர்களுக்கு வயதாகிவிட்டது. விருதுநகர் அரசு அருங்காட்சியகம் ஒரு ரிங் பிரேமையாவது வாங்கி வைக்கட்டும். அதன் சத்தத்தையும், அதை ஓட்டியவர்களின் குரலையும் இந்த வருஷமே பதிவு செய்யட்டும்.