மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகாது

"மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது. கீழ்க்கடைவாய்ப் பல்லை எடுக்கச் சம்மதிப்பவர்கள்கூட, சொத்தை மேல்தாடையில் என்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். "மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க டாக்டர், அது கண்ணு நரம்பு" என்கிறார்கள். மாத்திரைக்கு வலி அடங்குகிறது, சொத்தை அடங்குவதில்லை. வெறும் பொய் என்றால் பொறுத்துப் போகலாம். எந்தக் கண்ணைக் காப்பதாகச் சொல்கிறார்களோ அந்தக் கண்ணுக்கே இது கேடு செய்கிறது.

மூளையிலிருந்து புறப்படும் நரம்புகள் 12 இணை. பார்வையைச் சுமப்பது இரண்டாவது இணை. விழியின் பின்புறத்தையும் மூளையையும் இணைக்கும் அந்த நரம்பு தாடைப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. பல்லுக்கு உணர்ச்சி தருவது ஐந்தாவது இணை. அதன் முதல் கிளை நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய பகுதிக்கும் போகிறது, இரண்டாவது கிளை மேல்தாடைக்கு, மூன்றாவது கீழ்த்தாடைக்கு. ஒரே நரம்பின் கிளைகள் என்பதால் மேல்பல் வலி கண்ணோரத்திலும் தெறிக்கும். வலி போகும் வழியில்தான் பார்வையும் போகிறது என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் நினைத்ததைக் குறை சொல்ல மாட்டேன். உடற்கூறு பாடத்தைப் பள்ளியிலேயே படித்துவிட்டு நாமும் அதையே திருப்பிச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

நாற்பது வயதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். பலருக்குப் பல் ஒவ்வொன்றாக விடைபெறத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். பல் எடுத்த வருடமே கண்ணாடி போட நேர்ந்தவர், இரண்டையும் முடிச்சுப் போட்டு ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் மேல்தாடையில் 10 பால்பற்கள் விழுகின்றன. எந்தக் குழந்தைக்கு அதனால் கண் போயிற்று? எடுப்பான பல்லுக்குக் கம்பி போடும்போது இடம் உண்டாக்குவதற்காகப் பல பிள்ளைகளுக்கு மேல்தாடையில் வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என முன்கடைவாய்ப் பற்களை எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மரத்துப்போகப் போடும் ஊசியால் மிக அரிதாகச் சிலருக்குப் பார்வை மங்கலாம், இரட்டையாகத் தெரியலாம். அது ஊசி மருந்தின் விளைவு. பெரும்பாலும் மருந்தின் வேகம் குறைந்ததும் சரியாகிவிடும்.

இத்தாலியக் கண் மருத்துவர் ஸ்ட்ராம்பெல்லி 1960களில் கொண்டுவந்த அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. ரசாயனம் பட்டோ கடும் ஒவ்வாமையாலோ கருவிழி வெந்துபோய், மாற்றுக் கருவிழியும் பலன் தராதவர்களுக்குச் செய்வது. நோயாளியின் கோரைப்பல்லை அதைச் சுற்றிய எலும்போடு எடுத்து, மெல்லிய பலகையாகச் சீவி, நடுவில் துளையிட்டு, ஒளி புகும் சிறிய உருளையைப் பதிக்கிறார்கள். சில மாதம் தோலுக்கடியில் வைத்துத் திசு வளர்ந்த பிறகு கண்ணில் பொருத்துகிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவிலேயே இது நடந்திருக்கிறது. பல்லை எடுத்ததால் பார்வை திரும்பியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

இப்போது எடுக்காமல் விட்ட பல்லுக்கு வருவோம். சொத்தை ஆழமானால் பல்லின் உள்ளிருக்கும் கூழ் செத்து, வேர் நுனியில் சீழ் கட்டும். மேல் கோரைப்பல்லின் சீழ் கன்னத்தில் ஏறினால் கண்ணுக்குக் கீழே வீங்கி, காலையில் இமை திறக்க முடியாமல் போகும். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களோ மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறையை ஒட்டி நிற்பவை. அந்த அறையின் கூரைதான் கண்குழியின் தரை. அங்கே தொற்று ஏறினால் விழி பிதுங்கும், பார்வை நரம்பு நசுங்கும். முகத்து ரத்தக்குழாய்கள் வழியாக மூளையின் அடிப்பகுதிக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எல்லாச் சொத்தையும் இவ்வளவு தூரம் போய்விடாது. ஆனால் சர்க்கரை நோய் கட்டுப்படாதவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவும். வீட்டில் கிராம்புத் தைலம் தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியபடி வாரக்கணக்கில் காத்திருப்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

இன்னொரு இழப்பும் இதில் சேர்ந்தே நடக்கிறது. முதல் வலியிலேயே போயிருந்தால் பல மேல்பற்களைப் பிடுங்கவே வேண்டியிருக்காது. ரூட் கெனால் செய்து, மேலே உறை போட்டு, பல காலம் மென்று தின்னலாம். "கண் நரம்பு" என்று பயந்து அதையும் தள்ளிப்போட்டவர்களுக்குக் கடைசியில் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. மேல்பல் வலித்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா என்பதை. காய்ச்சலோடு கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த இரவே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.