வெள்ளைச் சாக்லெட், சாக்லெட் இல்லையா? சுங்கக் குறியீடு சொல்லும் கதை

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது கேலாங் சிராய் பக்கம் போய்ப் பாருங்கள். கடைகளில் சாக்லெட் டப்பாக்கள் அடுக்கடுக்காக இருக்கும். பிஸ்தா நிரப்பிய 'துபாய் சாக்லெட்'டும் இப்போது அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

கடல் தாண்டி இங்கு வரும் ஒவ்வொரு சாக்லெட்டுக்கும் ஓர் எண் உண்டு. இறக்குமதியாளர் தமது ஆவணத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடவேண்டும்.

"சிங்கப்பூரில்தான் சாக்லெட்டுக்குச் சுங்கத் தீர்வை கிடையாதே! அப்புறம் எதற்கு எண்?"

நல்ல கேள்வி.

அது என்ன எண்?

அதை எச்எஸ் குறியீடு என்பார்கள். உலகச் சுங்க அமைப்பு வகுத்த முறை அது. 1988ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. 200க்கும் அதிகமான நாடுகளும் வட்டாரங்களும் அதைப் பயன்படுத்துகின்றன.

முதல் 6 இலக்கங்கள் உலகம் முழுவதும் ஒன்றுதான். அதோடு இன்னும் 2 இலக்கங்களைச் சேர்த்து 8 இலக்கக் குறியீட்டை ஆசியான் நாடுகள் பயன்படுத்துகின்றன. சிங்கப்பூரும் அப்படியே.

சாக்லெட்டின் எண் எது?

பொதுவாக 1806. ஆனால் அதற்குள்ளும் பிரிவுகள் உண்டு.

• நடுவில் கிரீம், கேரமல், பருப்பு போன்றவற்றை நிரப்பிய கட்டி: 1806.31. துபாய் சாக்லெட் இந்த வகைக்குப் பொருந்தும்.

• எதையும் நிரப்பாத கட்டி: 1806.32. பருப்புத் துண்டுகள் கட்டி முழுவதும் கலந்திருந்தால் அதுவும் 'நிரப்பாதது'தான்!

• 2 கிலோகிராமுக்கு மேற்பட்ட பெரிய கட்டி: 1806.20.

• சாக்லெட் பூசிய பிஸ்கட், வேஃபர்: 1905. அதாவது ரொட்டி, கேக் குடும்பம்.

• சாக்லெட் ஐஸ்கிரீம்: 2105.

சரி, வெள்ளைச் சாக்லெட்?

அது 1806இல் இல்லை. 1704இல் இருக்கிறது. அது சர்க்கரை மிட்டாய்களின் பிரிவு.

வெள்ளைச் சாக்லெட்டில் கோக்கோ வெண்ணெய் உண்டு. கோக்கோத் தூள் இல்லை. குறியீட்டு விதிகள் கோக்கோ வெண்ணெயைக் 'கோக்கோ'வாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதனால் சுங்கத்தின் பார்வையில் அது ஒரு மிட்டாய்!

சிங்கப்பூரில் எவ்வளவு கட்டவேண்டும்?

சிங்கப்பூரில் 4 வகைப் பொருள்களுக்கு மட்டுமே தீர்வை உண்டு: மதுபானம், புகையிலைப் பொருள்கள், வாகனங்கள், பெட்ரோலியப் பொருள்கள்.

சாக்லெட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரி உண்டு.

கேலாங்கில் ஒருவர் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தருவிக்கும் சாக்லெட்டின் விலை 1,800 வெள்ளி. கப்பல் கட்டணம் 150 வெள்ளி. காப்புறுதி 50 வெள்ளி. மொத்தம் 2,000 வெள்ளி. அவர் கட்டவேண்டிய வரி 180 வெள்ளி.

அது கறுப்புச் சாக்லெட்டா, வெள்ளையா, வேஃபரா என்பதால் அந்தத் தொகை மாறாது.

மற்ற இடங்களில் அப்படியில்லை

எல்லாப் பொருளுக்கும் ஒரே விகிதம் இல்லாத இடங்களில் பெயரை வைத்தே வரி மாறும். அங்கே சண்டையும் வரும்.

2024 செப்டம்பரில் கோயம்புத்தூரில் நடந்த சந்திப்பு நினைவிருக்கலாம். வெறும் பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 விழுக்காடு வரி என்று ஓர் உணவக உரிமையாளர் இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனிடம் எடுத்துச் சொன்னார். அந்தக் காணொளி உலகத் தமிழர்களிடையே பரவியது.

இந்தியா 2025 செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து பல விகிதங்களை மாற்றியது. சாக்லெட்டுக்கான வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு இறங்கியது.

பிரிட்டனிலும் ஒரு கதை உண்டு. அங்கே கேக்குக்கு வரி இல்லை. சாக்லெட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. 'ஜாஃபா கேக்ஸ்' இதில் எது என்ற வழக்கு 1991இல் தீர்ப்பாயத்துக்குப் போனது. பழசானால் பிஸ்கட் நமத்துப்போகும், கேக் காய்ந்து இறுகும். ஜாஃபா இறுகியது. அதையும் கவனித்த தீர்ப்பாயம், அது கேக்தான் என்றது.

சிங்கப்பூரின் ஒரே விகித முறையில் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. அன்றாடம் வாங்கும் அரிசிக்கும் 9 விழுக்காடு, ஆசைக்கு வாங்கும் சாக்லெட்டுக்கும் 9 விழுக்காடு. வசதி குறைந்தோருக்கு அந்தச் சுமையைக் குறைக்கத்தான் பொருள், சேவை வரிப் பற்றுச்சீட்டுத் திட்டம் இருக்கிறது.

அப்போ எண் எதற்கு?

வரிக்காக மட்டும் அல்ல. எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்பதைக் கவனிக்கவும் எண் உதவுகிறது.

வெள்ளைச் சாக்லெட்டின் 1704ஐ மறுபடியும் பாருங்கள். அதே பிரிவில் இன்னொரு பொருளும் இருக்கிறது: சூயிங்கம்!

வெள்ளைச் சாக்லெட் 1704.90. சூயிங்கம் 1704.10. முதல் 4 இலக்கங்கள் ஒன்றே. ஆனால் முதலாவது தாராளமாகக் கடைக்கு வரலாம். இரண்டாவதை இறக்குமதி செய்ய 1992ஆம் ஆண்டிலிருந்து தடை. பல், மருத்துவப் பயன்பாட்டுக்கான சில வகைகளுக்கு மட்டும் 2004ஆம் ஆண்டிலிருந்து விலக்கு உண்டு.

எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டு "வரிதான் இல்லையே" என்று சொல்லித் தப்பமுடியாது. சுங்கத்துறையிடம் தவறான தகவல் அளிப்பது குற்றம்.

இங்கிருந்து வேறு நாட்டுக்கு மறுஏற்றுமதி செய்வோருக்கும் எண் முக்கியம். அந்த நாட்டில் தீர்வை இருந்தால், எவ்வளவு என்பதை எண்ணே முடிவுசெய்யும்.

உங்களுக்கு இதில் என்ன?

ஜொகூர் பாருவுக்குப் போய்ச் சாக்லெட் வாங்கி வருகிறீர்களா? 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரையிலான பொருள்களுக்குப் பொருள், சேவை வரி இல்லை. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்திருந்தால் 500 வெள்ளி வரை.

வேலை அனுமதி, மாணவர் அனுமதி போன்றவற்றை வைத்திருப்போருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இணையத்தில் வாங்கினால்? விற்பவர் இங்கு பொருள், சேவை வரிக்குப் பதிவுசெய்த வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 முதல் வரி உண்டு.

முக்கியமாக ஒன்று: பெட்டியில் கொண்டுவந்த சாக்லெட்டை இன்ஸ்டகிராமில் விற்கலாம் என்று நினைக்கிறீர்களா? விற்பனைக்குக் கொண்டுவந்தால் அந்தச் சலுகை பொருந்தாது. உணவை விற்பனைக்காக இறக்குமதி செய்வோர் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் பதிவுசெய்யவேண்டும். வரும் ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதி பெறவேண்டும். விண்ணப்பத்தில் எச்எஸ் குறியீடும் இருக்கவேண்டும்.

சின்ன வியாபாரம்தானே என்று பலர் இறங்குவது இந்த இடத்தில்தான். முதல் டப்பாவை வாங்குவதற்கு முன்பே எண்ணைத் தெரிந்துகொள்வது நல்லது. சந்தேகம் இருந்தால் சிங்கப்பூர்ச் சுங்கத்துறையிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

எச்எஸ் குறியீட்டின் அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வருகிறது. ஏற்கெனவே தொழில் செய்வோரும் தங்கள் எண்களை அப்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவேண்டும்.