குழந்தையின் கட்டிக்குக் காரம் வைக்காதீர்கள்!

சென்ற ஆண்டு சாயர்புரத்தில் என் வைத்தியசாலைக்கு ஒரு தாய், ஆறு வயது மகளோடு வந்தார். கன்னத்தில் பட்டாணி அளவில் சிவந்த கட்டி. நாலே மாதத்தில் வளர்ந்ததாம். "ஐயா, இது புத்துநோயா இருக்கும்னு பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லுதாவ. கத்தி பட்டா பரவிருமாம். நீங்களே காரம் வச்சுக் கருக்கிருங்க" என்று அழுதார்.

எங்கள் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் காரமும் உண்டு, சுட்டிகையும் உண்டு. ஆனாலும் மறுத்துவிட்டேன். இன்னதென்று தெரியாத கட்டியைக் கருக்கிவிட்டால், அப்புறம் எதை வைத்துப் பரிசோதிப்பது?

குழந்தைகளின் தோலில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவையே. பாலுண்ணி வைரஸால் வருவது. மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் தானே மறையும். கைக்குழந்தைகளுக்கு வரும் சிவந்த ரத்தக்குழாய்க் கட்டி, முதல் சில மாதங்கள் வேகமாக வளரும். பிறகு மெல்லச் சுருங்கும். கண், மூக்கு, உதட்டருகே இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

டாக்டர்களையே குழப்புகிற ஒரு மச்சமும் உண்டு. அதன் பெயர் ஸ்பிட்ஸ் மச்சம். 1948-ல் சோஃபி ஸ்பிட்ஸ் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர், 13 குழந்தைகளின் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து எழுதினார். பார்வைக்குத் தோல் புற்றுநோய் மாதிரியே இருந்தன. ஆனால், இறந்தது ஒரே ஒரு குழந்தைதான். இந்த மச்சம் பெரும்பாலும் தீங்கற்றது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. அந்த ஒரு குழந்தையை மறக்கக் கூடாது என்பதால்தான் பரிசோதனை அவசியம் என்கிறேன்.

கத்தி பட்டால் பரவும் என்பது வீண் பயம். தோல் கட்டியில் துளி சதை எடுத்துப் பார்ப்பதாலோ, முழுசாக எடுத்துப் பரிசோதிப்பதாலோ புற்றுநோய் வந்துவிடாது.

அந்தப் பெண் குழந்தையைத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்பினேன். கட்டியை முழுசாக எடுத்தார்கள். ஸ்பிட்ஸ் மச்சம்தான், புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. தாய்க்கு அன்றைக்குத்தான் தூக்கம் வந்திருக்கும்!

பெற்றோர்களே, குழந்தையின் கட்டி வேகமாக வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ, புண்ணானாலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள். சுண்ணாம்பு, காரம், தலைமுடி கட்டுவது எதுவும் வேண்டாம். எடுத்த கட்டியைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மருந்து யாரிடம் வாங்குவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.